சும்மா வந்த சுருட்டு

மட்டக்களப்பில் சுருட்டுக் குடிக்க ஆசைப்படும் ஆணுக்கு முதல் தடை அரசாங்கமல்ல, சீதனம்.

அரசாங்கத்தின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடைத்த பொது இடங்களில் புகைக்காதே, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்காதே, விளம்பரம் போடாதே என்கிறது. வீட்டு விறாந்தையைப் பற்றி அது மூச்சு விடவில்லை. மற்ற மாவட்டத்து ஆண்கள் அந்த ஓட்டைக்குள் புகுந்துகொள்ளலாம். எங்கள் பக்கத்தில் முடியாது. இங்கே வீடு பெண்ணுக்கு. தாய்வழிக் குடி, முக்குவர் வழமை என்று ஆராய்ச்சியாளர்கள் தடித்த புத்தகங்களில் எழுதியதை நான் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்: கலியாணத்தன்று ஆண் ஒரு சூட்கேசோடு வந்து இறங்குகிறான், அந்தச் சூட்கேஸ் மட்டும் அவனுடையது. வாக்காளர் இடாப்புப் படிவத்தில் என்னைப் ‘பிரதம குடியிருப்பாளர்’ என்று குறித்திருக்கிறார்கள். ஒல்லாந்தர் கோட்டைக்குள் கச்சேரி இருந்த காலத்தில் எழுதுவினைஞனாய்க் கிடந்தவன் நான். ஆயிரக்கணக்கான படிவங்களைப் பார்த்திருக்கிறேன். இத்தனை உண்மையாகப் பேசிய படிவம் வேறில்லை.

இப்படி உறுதியில் பேரில்லாத ஒருவன் கையில் கியூபாச் சுருட்டு வந்து சேர்ந்தது.

மனைவியின் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறார். அங்கே பனி முழங்காலுக்கு ஏறியதும் சனம் பிளேன் பிடித்துக் கியூபாவில் வெயில் காயப் போகிறதாம். வெயிலில் பிறந்து, வெயிலுக்குப் பயந்து ஓடி, பிறகு காசு கொடுத்து வெயிலைத் தேடிப் போகும் இந்தச் சுற்று எனக்கு விளங்குவதில்லை. எப்படியோ, மச்சானும் போயிருக்கிறார். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தமாட ஊருக்கு வந்தபோது எல்லோருக்கும் சாமான் கொண்டுவந்தார். மனைவிக்கு விற்றமின் குளிசை, ஒலிவ் எண்ணெய், மூன்று துவாய். எனக்கு ஓர் அலுமினியக் குழாய்.

“அத்தான், இது கோஹீபா. ஒண்டு நூறு டொலருக்கு மேல போகும்.”

நூறு கனடா டொலர் என்றால் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. மனைவி கணக்கைப் போட்டு முடித்த வேகத்தில் அவளைத்தான் கச்சேரிக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று தோன்றியது. “எங்கட ரெண்டு பேருக்கும் எத்தின மாசச் சோறு, தெரியுமா? அதுக்கா நெருப்பு வைக்கப் போறீங்க?” என்றாள். எங்கள் நாட்டில் சிகரெட் பெட்டியின் முகப்பில் 80 வீதத்தை நோய்ப் படங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. என் குழாயில் படமே கிடையாது. அந்தக் குறையை அவள் முகம் நிவர்த்தி செய்தது.

அன்றிரவே நான் கோஹீபாவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். சும்மா வந்த பொருளுக்கு இத்தனை மரியாதை எதற்கு என்று கேட்பீர்கள். காசு கொடுத்து வாங்கியிருந்தால் தூக்கிப் பத்தவைத்திருப்பேன். சும்மா வந்ததால் அதன் விலைக்கு நான் தகுதியானவன்தானா என்ற கவலை பிடித்துக்கொண்டது.

கோஹீபா 1966இல் பிறந்திருக்கிறது. ஃபிடல் காஸ்ட்ரோ குடிப்பதற்கும், வந்து போகும் வெளிநாட்டுப் பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பதற்கும் தனியாகச் சுற்றினார்களாம். 1982இல்தான் கடைக்கு வந்தது. 1985இல் காஸ்ட்ரோ புகைப்பதையே விட்டுவிட்டார். அதாவது யாருக்காகச் சுற்றினார்களோ அவர் எழுந்து போன பிறகும் பந்தி நடக்கிறது, விலை மட்டும் ஏறுகிறது. 2022இல் கோஹீபாவின் விலையை உலகம் முழுக்க ஹொங்கொங் விலைக்குச் சமமாகத் தூக்கினார்கள். ஒரே நாளில் பல ஊர்களில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. இலை அதே இலை. சுற்றுகிற கை அதே கை.

அந்தக் கையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பினார் டெல் ரியோ மாகாணத்து வுவெல்தா அபாஹோ மண்ணில் விளைந்த இலையை நரம்பெடுத்து, குவியல் குவியலாக அடுக்கிப் புழுங்கவைத்து, வருடக் கணக்கில் கிடத்துகிறார்கள். உள்ளே வைக்கும் இலை வேறு, அதைப் பிடித்துக் கட்டும் இலை வேறு, மேலே போர்த்தும் இலை வேறு. போர்த்தும் இலையின் தோல் கெடாதிருக்க வயலுக்கே துணிப் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். சுற்றுபவர் வளைந்த கத்தி ஒன்றும் பலகை ஒன்றும் வைத்துக்கொண்டு, ஒரே பருமனில் நாளுக்கு நூறளவில் சுற்றுகிறார். அவருக்கு அலுப்புத் தட்டாமலிருக்க ஒருவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் வாசிக்கிறார். ஹவானாவில் இந்த வழக்கம் 1865இலேயே தொடங்கிவிட்டது. ‘மொன்டெகிறிஸ்டோ’, ‘ரோமியோ இ ஹூலியெட்டா’ என்றெல்லாம் சுருட்டுக்குப் பேர் வந்தது கதைப் புத்தகங்களிலிருந்துதான்.

இதைப் படித்தபோது எனக்கு யாழ்ப்பாணம் ஞாபகம் வந்தது. கொக்குவில், கோண்டாவில் பக்கத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் உரத்துப் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள் என்று அந்தப் பக்கத்துக் கூட்டாளி ஒருவர் கச்சேரியில் அடிக்கடி சொல்லுவார். அங்கேயும் இலையைக் குடிலில் அடுக்கித் தென்னம் பொச்சுப் புகை போட்டார்கள். கோடாப் போட்டுப் பதப்படுத்தினார்கள். எந்தக் கொட்டிலும் தன் கோடாப் பக்குவத்தைப் பக்கத்துக் கொட்டிலுக்குச் சொன்னதாகக் கேள்வியில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. தென்னிலங்கையின் ஒவ்வொரு சந்தியிலும் யாழ்ப்பாணத்தான் ஒரு சுருட்டுக்கடை போட்டான். அந்தச் சுருட்டுக்கு இன்றும் ஒரு பால்தேத்தண்ணிக் காசு கொடுத்தால் போதும். ஒற்றைச் சிகரெட்டே நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட நாட்டில் இதைவிட மலிவாக ஒருவன் நாசமாய்ப் போக முடியாது.

திருச்சிராப்பள்ளிக்கும் இதே கதைதான். ஒரு காலத்தில் உறையூரில் சுற்றிய சுருட்டு சீமைக்குப் போனது. ஷெர்லக் ஹோம்ஸ் 1887இல் வந்த தன் முதல் கதையிலேயே, கொலைகாரன் குடித்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். இலண்டனில் சாம்பலை வைத்தே அடையாளம் சொல்லுமளவுக்குப் பேர் போன சரக்கு அது. சர்ச்சிலுக்கும் எங்கள் சுருட்டுத்தான் போனது என்று உறையூர்க்காரர்கள் இன்றும் மார் தட்டுகிறார்கள். சர்ச்சில் வாங்கியதற்கு உடனே காசு கொடுத்தாரா என்று மட்டும் யாராவது விசாரித்துச் சொன்னால் நல்லது. பெங்களூர் கிளப்பின் 1899ஆம் ஆண்டுப் பதிவேட்டில் லெப்டினன்ட் சர்ச்சிலின் பேருக்கு நேரே 13 ரூபாய் அறவிட முடியாத கடனாக எழுதப்பட்டுக் கிடக்கிறது. கணக்குக் கிளையில் இருந்தவன் என்ற முறையில் இது எனக்கு யுத்த வெற்றிகளைவிட முக்கியமான செய்தி.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கதை சின்னது. 1962 பெப்ரவரியில் கியூபாப் பொருள்களுக்குத் தடை போடும் கையெழுத்தை வைக்குமுன், பத்திரிகைச் செயலாளரை அனுப்பி ஆயிரம் கியூபாச் சுருட்டு வாங்கிவரச் சொன்னாராம். செயலாளர் 1,200 சுருட்டோடு வந்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. விலையேற்றத்துக்கு முதல் நாள் பால்மா வாங்கி அலுமாரிக்குள் ஒளித்த எங்கள் நாட்டுக் குடும்பத் தலைவர்கள் எவரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

என் பெத்தாவும் சுருட்டுக் குடித்தார். படுவான்கரையில் ஒரு கிடுகு வீடு. பின்னேரம் வேலையெல்லாம் முடித்து, வட்டாவைப் பக்கத்தில் வைத்து, முதலில் வெற்றிலை, பிறகு சுருட்டு. பாதி குடித்ததும் நுனியைத் தரையில் தேய்த்து அணைத்து, மீதியை இறப்புக் கிடுகில் செருகிவிடுவார். மறுநாள் அதே மீதி. விலையுயர்ந்த சுருட்டு இந்த மரியாதையைத் தாங்காது. அணைத்து வைத்து மறுநாள் பத்தவைத்தால் சாம்பல் கசப்பு ஏறிவிடும், ரசிகர்கள் சாபம் போடுவார்கள். பெத்தாவை யாரும் சாபம் போடவில்லை. வெளியே போய்க் குடி என்றும் யாரும் சொல்லவில்லை. வீட்டு உறுதி அவர் பேரில் இருந்தது.

உறுதி விஷயம் கடவுள் வரை போகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம். கருப்பமுத்துப்பிள்ளை என்ற பக்தர் கோயிலுக்குப் போகும் வழியில் மழையிலும் ஆற்று வெள்ளத்திலும் அகப்பட்டு, ஒரு சுருட்டுக் கிடைத்தால் நல்லாயிருக்குமே என்று நடுங்கிக்கொண்டு நின்றாராம். யாரோ ஒருவன் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்து ஆற்றைக் கடத்திவிட்டான். கோயிலுக்குப் போய்ப் பார்த்தால் வந்தவன் முருகன். அன்றிலிருந்து அந்தப் படையல். முருகன் என்ன பிராண்ட் கொடுத்தார் என்று தலபுராணத்தில் இல்லை. குளிரில் நடுங்கும் பக்தனும் சுருட்டைச் சுற்றிய பேர் வளையத்தைப் பார்த்திருக்க மாட்டான். இந்தக் கதையை மனைவிக்குச் சொன்னேன். கடவுளே விறாந்தையில் அனுமதித்த பழக்கம் என்பது என் வாதத்தின் சாரம்.

“அந்த மலை அவர்ட பேரில கிடக்கு,” என்றாள். “இந்த வீடு உங்கட பேரிலயா கிடக்கு?”

வாதம் அத்தோடு முடிந்தது. சுருட்டை எங்கே குடிப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் பத்திரப்படுத்துவோம் என்று முடிவெடுத்தேன். நல்ல சுருட்டுக்கு 65 முதல் 70 வீத ஈரப்பதம் வேண்டும். பணக்காரர்கள் இதற்கென்றே ‘செடர்’ மரப் பெட்டி வைத்து, அதற்குள் ஈரமானியும் பொருத்தியிருக்கிறார்கள். மார்கழியில் வந்திருந்தால் எனக்கு ஒரு பெட்டியும் வேண்டாம். அடைமழையில் பப்படம் இளகி, நெருப்புக்குச்சி பத்தாமல், புளியந்தீவு முழுவதுமே ஈரத்தில் ஊறிக்கிடக்கும். மச்சான் வந்ததோ ஆடியில். கச்சான் காற்று வீசி, கொடியில் போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் மொடமொடக்கிற காலம். ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கழுவினேன். ஈரப் பஞ்சு வைத்தேன். களுதாவளைக் கொழுந்து வெற்றிலை இரண்டை விரித்து, அதன்மேல் கோஹீபாவைக் கிடத்தினேன். பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டபோது இந்த அக்கறை இருக்கவில்லை என்று வீட்டில் ஒரு கருத்து நிலவியது.

பெட்டிக்கு இடம்? குசினி அலுமாரியின் கீழ்த் தட்டு. மல்லித்தூள், மிளகாய்த்தூள், சரக்குத் தூள் டின்களுக்குப் பக்கத்தில் இருட்டும் குளிர்ச்சியுமான மூலை. குளிர்ச்சி என்று நான்தான் நினைத்தேன்.

கொஞ்ச நாளில் சுருட்டின் மேலிலையில் ஊசித் துவாரம். அதற்கு நேரே செம்மண் நிறத்தில் ஒரு வண்டு, குண்டூசித் தலையளவு, என்னை நிமிர்ந்து பார்த்தது. அதே கிழமை மல்லித்தூள் டின்னிலும் அதன் சொந்தக்காரர்கள். புகையிலை வண்டு என்று அதற்குப் பேர். சும்மா கிடந்த புகையிலை, மல்லி, மிளகாய், மஞ்சள் எதையும் விடாது. முட்டை இலைக்குள்ளேயே கிடக்கும். வெக்கை கூடினால் பொரிக்கும். எங்கள் ஊர் வெக்கையில் பொரிக்காத முட்டை எது?

யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதில் வழக்கு எழுந்தது.

“உங்கட சுருட்டால வந்த வண்டு. நான் வறுத்து இடிச்ச தூள், ஒரு நாளும் வண்டு பிடிச்சதில்ல.”

நான் விடவில்லை. கியூபாவிலிருந்து ஏற்றுமதியாகும் சுருட்டை அனுப்புமுன் கடும் உறைகுளிரில் வைத்து, உள்ளே இருக்கும் முட்டை, புழு எல்லாவற்றையும் கொன்றுவிடுகிறார்கள். நூறு டொலர்ச் சுருட்டில் வண்டு வரச் சாத்தியமே இல்லை. ஆகவே வண்டின் பிறப்பிடம் மல்லித்தூள். கோஹீபா பாதிக்கப்பட்ட தரப்பு. கச்சேரியில் ஒரு விசாரணை அறிக்கையைக்கூட இவ்வளவு கோர்வையாக நான் எழுதியதில்லை. மனைவி ஒன்றும் பேசாமல் டின்னைக் கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டினாள். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி என்பதால் அதை எப்படிக் கொண்டாடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மிஞ்சிய முட்டைகளைக் கொல்ல நானும் உறைகுளிர் வைத்தியம் பார்த்தேன். குழாயை இறுக்கி மூடி, பிறீசரில் மணலை மீனுக்கும் இறால் பொட்டலத்துக்கும் நடுவில் வைத்தேன். இரண்டு முறை கறிக்கு எடுக்கப்பட இருந்து தப்பியது. பிறகு உடனே வெளியே எடுத்தால் தோல் வெடிக்கும் என்பதால் ஒரு நாள் கீழ்த் தட்டு, ஒரு நாள் மேசை என்று இறக்கினேன். இதற்குள் அதற்குக் காய்ச்சல் வந்து குணமான ஒரு பிள்ளையின் களை வந்துவிட்டது.

இனிக் குடிப்பது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிபர் உலகம் தெரிந்தவர். கோப்பி, வைன், பிரெஞ்சுச் சீஸ் எல்லாவற்றையும் பற்றிப் படித்தவர், சுவைத்தவரல்லர். இந்த அறிவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்ற துர்ப்புத்தி என்னைப் பிடித்தது. கோஹீபாவின் வளையத்தை ஆவியில் காட்டிக் கழற்றினேன். நகரத்துக் கடையில் வாங்கிய யாழ்ப்பாணச் சுருட்டில் அதை மாட்டினேன். சுருட்டு மெல்லிசு, வளையம் தளர்ந்தது; சோற்றுப் பருக்கை இரண்டு வைத்து ஒட்டினேன். மஞ்சளும் கறுப்புமாய் அது ஜோராக உட்கார்ந்துவிட்டது.

அதிபர் வீடும் அவருடைய மனைவியின் வீடுதான். ஆகவே வாவிக்கரைக்குப் போனோம். வாவியை இன்னும் யாரும் சீதனமாக எழுதிக் கொடுக்கவில்லை. பூரணைக்கு முதல் நாள். பழைய கல்லடிப் பாலத்தில் தூண்டில்காரர்கள் நின்றார்கள். வளையம் போட்டதை அதிபரிடம் கொடுத்தேன். வளையமில்லாததை நான் எடுத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வளையத்தை வாசித்தார். “கோஹீபா!” பாலத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதல் இழுப்பை வாய்க்குள்ளேயே வைத்துக் கண்ணை மூடினார். நல்ல சுருட்டைத் தொண்டைக்குள் இழுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. “கொக்கோ வாசம் வருது கிளாக்கர். பின்னால லேசா ஏலம். கடைசியில தோல் வாசம், தோல் எண்டா செருப்புத் தோலில்ல, குதிரைச் சேணத் தோல்.” அதிபர் குதிரையில் ஏறியதை இந்த ஊர் கண்டதில்லை. நான் அவரைப் பார்த்துச் சிரிக்க ஆயத்தமானேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வாயில் இருந்தது இருபதாயிரம் ரூபாய்ச் சுருட்டு. இழுத்தேன். புகை வந்தது. இன்னொரு தரம் இழுத்தேன். இன்னும் புகை வந்தது. கொக்கோ வரவில்லை, ஏலம் வரவில்லை, சேணமும் வரவில்லை. பாலத்தில் நின்றவர்கள் அதிபரின் கையைப் பார்க்கிறார்கள், என் கையை யாரும் பார்க்கவில்லை. வளையமில்லாத கோஹீபா எனக்கு மீன் வாசம் அடித்தது. அது பிறீசர் மீனா, வாவி மீனா, அல்லது பொறாமையா என்று பிரித்துச் சொல்ல என் நாக்குக்குப் பயிற்சி போதாது.

அதிபர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “நீங்க இன்னும் அந்த உள்ளூர்ச் சாமானைத்தானா பத்துறீங்க? இந்தாங்க, ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க.”

வாங்கி இழுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அருமையாக இருந்தது. அதைக் கடையில் நானே பொறுக்கி எடுத்தேன், விலை தெரியும், வளையத்தைச் சோறு வைத்து ஒட்டியதும் நானேதான். எல்லாம் தெரிந்தும் அந்த ஓர் இழுப்பில் எனக்கு லேசாக ஏலம் மணத்தது.

கலிபோர்னியாவில் சிலருக்கு வைன் கொடுத்து, குடிக்கும்போதே மூளையைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஒரே வைனை 10 டொலர் என்று சொல்லி ஒரு தரமும் 90 டொலர் என்று சொல்லி ஒரு தரமும் கொடுத்தபோது, 90 டொலர் வைனுக்கு மூளையில் இன்பத்தைப் பதியும் பகுதி கூடுதலாக வேலை செய்தது. குடித்தவர்கள் நடிக்கவில்லை, உண்மையாகவே கூடுதலாகச் சுவைத்தது. இதைப் படித்த பிறகு அதிபரைப் பற்றி எனக்கிருந்த இளக்காரம் போய்விட்டது. அவர் விலையைச் சுவைத்தார், விலை நல்ல ருசியாகத்தான் இருந்திருக்கிறது. அதை ஏமாற்று என்று தள்ளவும் முடியவில்லை. ஏனென்றால் அந்த ருசிக்காகத்தானே ஹொங்கொங் விலை கொடுக்கிறார்கள்?

என் தீர்ப்பைக் கேட்டால் இவ்வளவுதான். நல்ல இலை, சில வருடம் கிடந்து பதமானது, தொழில் தெரிந்த கை சுற்றியது என்றால் அதற்கு ஒரு நல்ல கடையில் மத்தியானச் சாப்பாட்டு விலை கொடுக்கலாம். அந்தக் கைக்கு அது போகிறதென்றால் கூடவும் கொடுக்கலாம். அதற்குமேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் வளையத்துக்கு. கொக்குவில் கையும் உறையூர்க் கையும் அதே வேலையைத்தான் செய்தன. அவற்றுக்கு ஒரு காஸ்ட்ரோவும் கிடைக்கவில்லை, தங்க நிற வளையமும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. எங்கள் சுருட்டைக் குடித்த பெரிய மனிதரோ கிளப்புக்கே 13 ரூபாய் பாக்கி வைத்தவர்.

ருசி எப்படியிருந்தாலும் நஞ்சு ஒன்றுதான். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பெட்டிச் சிகரெட்டின் புகையிலை அடங்கிவிடும். தொண்டைக்குள் இழுக்காவிட்டாலும் வாய்க்கும் நாக்குக்கும் வர வேண்டிய வியாதி வராமலிருக்காது. நூறு டொலர் கொடுத்ததற்காகப் புற்றுநோய் விலகி வழிவிடுவதில்லை. எனக்கு அன்று பாதியிலேயே தலை சுற்றிவிட்டது. மீனவர் ஒருவர் தோணியை நிறுத்தித் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, “மீன் பாடுது, வந்து கேளுங்க” என்று அதிபரைக் கூப்பிட்டார். அதிபர் துடுப்பின் முனையில் காதை வைத்து ஏதோ கேட்கிறதென்றார். எனக்குத் துடுப்பு இல்லாமலே தவில், நாதஸ்வரம், கூத்து மத்தளம் மூன்றும் கேட்டன. நாலு தேசிக்காய்த் தண்ணி குடித்த பிறகுதான் வீட்டுப் படி ஏறினேன். “சேணம் வந்ததா?” என்று மனைவி கேட்கவில்லை, வாந்தி வந்ததா என்று கேட்டாள்.

அலுமினியக் குழாய் இப்போது சாமியறையில் ஊதுபத்திக்கு. அதிபர் ஊரெல்லாம் கோஹீபாவின் பெருமையைச் சொல்லித் திரிகிறார். நூலகத்தில், கலியாண வீட்டில், பென்ஷன் வரிசையில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம். அவரிடம் உண்மையைச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. அவருக்குக் கிடைத்த இருபதாயிரம் ரூபாய்ச் சந்தோஷத்தைப் பறிக்க நான் யார்?

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வட்ஸ்அப்பில் முகம் காட்டினார். மனைவி போனைத் தேங்காய்க் குவளையில் சாய்த்துவைத்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பிறீசரைத் திறந்தபடி பின்னால் நின்றேன்.

“அத்தான் சுருட்டுக் குடிச்சவரா அக்கா?”

“குடிச்சாரு, குடிச்சாரு. தலை சுத்திக் கிடந்தாரு. நூறு டொலரை இப்பிடிப் புகையில விட உனக்கு என்னண்டு மனம் வந்திச்சு?”

“எங்க அக்கா நூறு? கடையில வாங்கினா நூறு போகுமெண்டுதான் சொன்னனான். பீச்சில ஒருத்தன் வந்தான். அவன்ட மச்சான் கோஹீபா ஃபக்டரியில வேலையாம், அங்கயிருந்து எடுத்துத் தாறானாம். பத்து டொலருக்கு மூண்டு தந்தான். ரெண்டு இஞ்சயே வண்டு அரிச்சுப் போச்சு, ஒண்டைத்தான் அத்தானுக்குக் கொண்டுவந்தன். அவரிட்டச் சொல்லிப்போடாத.”

கத்தி நின்றது.

“அவர் இஞ்ச பின்னாலதான் நிக்காரு,” என்று போனுக்குச் சொல்லிவிட்டு, திரும்பாமலே எனக்குச் சொன்னாள்: “என்ட மல்லித்தூள் காசை எடுத்து மேசையில வையுங்க.”